உங்களுக்குத் தெரியுமா? பெயின்ட் கேட்காத சைக்கிள்

தார் ரோட்டிலும் சரளைப் பாதையிலும் ஓடும் கிராவல் சைக்கிள்களில், விலை கூடிய சிலவற்றின் ஃபிரேம் டைட்டானியம். பெரும்பாலும் 3% அலுமினியம், 2.5% வனேடியம் சேர்த்த கலவை. விமானங்களின் ஹைட்ராலிக் குழாய்கள் பலவும் இதில் செய்யப்படுகின்றன. துருப்பிடிக்காது, பெயின்ட் வேண்டாம். மங்கலான ஃபினிஷில் லேசான கீறல் விழுந்தால், பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பரால் ஒரே திசையில் தேய்த்தாலே பெரும்பாலும் மறைந்துவிடும்.

இதை நம்பிப் பராமரிப்பையே மறப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். இருக்கையைத் தாங்கும் அலுமினிய சீட் போஸ்ட்டை ஃபிரேமுக்குள் வெறுமனே சொருகிவைத்தால், வியர்வை உப்பும் மழைநீரும் இறங்கி அரிப்பு தொடங்கும். அரிபடுவது டைட்டானியம் அல்ல, அலுமினியம். அந்த அரிப்புப் படிவு உப்பி, போஸ்ட் உள்ளேயே இறுகிவிடும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் சொருகும் முன், இறுகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவுங்கள். அவ்வப்போது கழற்றித் துடைத்து மறுபடி தடவுங்கள்.

இன்னொன்று: அகலமான டயருக்கு ஆசைப்பட்டால் முதலில் ஃபிரேமின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 40 மி.மீ. டயருக்கெனச் செய்ததில் 50 மி.மீ. நுழையாது.