உங்களுக்குத் தெரியுமா? ஒரே சூரியச் சுடர், பல ஒளிகள்

● சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்பவருக்கு இது தெரியும்: கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தோடு, கண்ணுக்கே தெரியாத புற ஊதாக் கதிரும் சேர்ந்துதான் வரும். முகமூடி போடாவிட்டால் ராத்திரி கண் எரிந்து நீர் கொட்டும். ‘ஃபிளேர்’ எனப்படும் சூரியச் சுடரும் அப்படித்தான். ரேடியோ அலை முதல் எக்ஸ் கதிர் வரை எல்லாவற்றையும் கொட்டுகிறது. ஆனால் சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால், சூரியனின் சொந்தப் பிரகாசம் பெரும்பாலான சுடர்களை மறைத்துவிடும்.

● முகமூடி இருக்கிறதே என்று அண்ணாந்து சூரியனைப் பார்த்துவிடாதீர்கள். 14ஆம் எண் கண்ணாடிதான் அதற்குத் தாங்கும். வேலைக்குப் போடுவது பொதுவாக அதைவிட வெளிறியது.

● முதலில் பதிவான சுடர் வெறும் வெளிச்சத்திலேயே தெரிந்த அபூர்வம். 1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் வானியலாளர் ரிச்சர்ட் காரிங்டன் அதைக் கண்டார். அதன் தொடர்ச்சியாக மறுநாள் பம்பாய் கொலாபாவில் காந்தமானிகள் தாறுமாறாக ஆடின.

● கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாக ஒரே சூரியனை வேறு வேறு நிறங்களில் படமெடுத்து வருகிறது. கால்சியத்தின் ஊதா ஒன்று, 656.3 நானோமீட்டரில் ஹைட்ரஜனின் சிவப்பு இன்னொன்று. பெரிய சுடர் அந்தச் சிவப்பில் இரண்டு பளிச்சென்ற நாடாக்களாகத் தெரியும்.

● புற ஊதாவில் பெரும்பகுதியையும் எக்ஸ் கதிர்களையும் நம் காற்றுமண்டலம் தடுத்துவிடுகிறது. அதனால்தான் இந்தியாவின் சூரிய ஆய்வு விண்கலமான ஆதித்யா-எல்1 விண்வெளியிலிருந்து பார்க்கிறது; அது நிற்பது பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி. அதன் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர்! 2024 பிப்ரவரி 22 அன்று வெடித்த எக்ஸ்6.3 சுடரை ஆதித்யாவின் கருவிகள் பிடித்தன. சூட் புற ஊதாவில் பார்த்தது, ஹெலியோஸ் வன் (ஆற்றல் மிகுந்த) எக்ஸ் கதிரில், சோலெக்ஸ் மென் (ஆற்றல் குறைந்த) எக்ஸ் கதிரில். இத்தனை கண்கள் எதற்கு? பொதுவாக வன் எக்ஸ் கதிர்தான் முதலில் உச்சம் தொடும்: வேகம் பிடித்த எலக்ட்ரான்கள் அடர்ந்த கீழ் அடுக்கில் மோதும் கணம் அது. மோதிய இடத்தில் சூடேறிய வாயு மேலெழுந்து காந்த வளையங்களை நிரப்பும்போதுதான் மென் எக்ஸ் கதிர் ஏறும். ஒரே கருவியை வைத்திருந்தால் கதையில் பாதி போய்விடும்.

● சுடர்களின் வலிமையைக் குறிக்கும் வகுப்புகளில், எக்ஸ் வகுப்பு என்பது எம் வகுப்பைவிடப் பத்து மடங்கு. சுடரின் எக்ஸ் கதிர் எட்டே நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும். வெடிக்கும் நேரம் துவாஸில் பகலாக இருந்தால், கடலில் நிற்கும் கப்பல்களின் சிற்றலை வானொலி மங்கக்கூடும். இரவென்றால் அந்தப் பாதிப்பு இல்லை.

● 2023இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அடுத்தடுத்துப் பறந்த மூன்று பிஎஸ்எல்வி ராக்கெட்டுகளில், சி55 சிங்கப்பூரின் டெலியோஸ்-2 செயற்கைக்கோளையும் சி56 டிஎஸ்-சார் செயற்கைக்கோளையும் கொண்டுபோயின. சி57தான் ஆதித்யாவை ஏற்றிச் சென்றது.