கொடுத்த கடன் எத்தனை நாளில் திரும்புகிறது? வியாபாரிகள் அறிய வேண்டிய ஒரு கணக்கு

புறக்கோட்டையில் புடைவை மொத்த வியாபாரம் செய்பவர் வெள்ளவத்தை காலி வீதிக் கடைகளுக்குக் கடனுக்குத் துணி கொடுக்கிறார். கொட்டாஞ்சேனையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் அயலவர்களுக்குக் கொப்பியில் எழுதிச் சாமான் கொடுத்து, சம்பள நாளில் அறவிடுகிறார். கொழும்பு வியாபாரம் நெடுங்காலமாக இந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

ஆனால் நல்ல இலாபம் என்று கணக்காளர் சொல்லும் வருடத்திலேயே கையில் காசில்லாமல் தவிக்கும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். இலாபம், பொருளை விற்ற அன்றே கணக்கில் ஏறிவிடுகிறது. பணம் பிறகுதான் வருகிறது. இந்த இடைவெளியை அளப்பதே வருமதிப் புரள்வு விகிதம். கடன்பட்டோர் புரள்வு என்றும் இதைச் சொல்வார்கள். உயர்தரப் பரீட்சைக்குக் கணக்கீடு படித்த பிள்ளைகளுக்கு இது தெரியும். வாப்பாவின் கடைக் கணக்கில் அதைப் போட்டுப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

கணக்கிடும் முறை

வருடத்தின் கடன் விற்பனையைச் சராசரி வருமதியால் வகுக்க வேண்டும். வருட ஆரம்பத்தில் வரவேண்டியிருந்த தொகையையும் வருட முடிவில் வரவேண்டிய தொகையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி வருமதி கிடைக்கும்.

உதாரணத்துக்கு ஒரு மொத்த வியாபாரியை எடுத்துக்கொள்வோம். வருட விற்பனை 600 இலட்சம் ரூபா. இதில் 120 இலட்சம் காசு விற்பனை, 480 இலட்சம் கடன் விற்பனை. ஆரம்ப வருமதி 70 இலட்சம், இறுதி வருமதி 90 இலட்சம். சராசரி 80 இலட்சம். 480ஐ 80ஆல் வகுத்தால் 6. அதாவது கடனாக வெளியே போன பணம் வருடத்தில் 6 தடவை திரும்பி வந்திருக்கிறது. 365 நாட்களை 6ஆல் வகுத்தால் ஏறத்தாழ 61 நாட்கள். இதுவே சராசரி அறவீட்டுக் காலம்.

61 நல்லதா கெட்டதா என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அவர் 60 நாள் தவணை கொடுப்பவர் என்றால் குறையில்லை. 45 நாள் தவணை கொடுத்திருந்தால் பணம் 16 நாட்கள் பிந்துகிறது. ஒரு நாளின் கடன் விற்பனை சுமார் 1,31,500 ரூபா. 16 நாட்களுக்கு 21 இலட்சம். தவணை கடந்தும் அந்த 21 இலட்சம் எப்போதும் பிறரிடம் நிற்கிறது. அந்தத் தொகைக்கு வாங்கியிருக்கக்கூடிய சரக்கு கடையில் இல்லை.

தவறும் இடங்கள்

முதலாவது, காசு விற்பனையையும் சேர்த்துவிடுவது. மேலே சொன்ன வியாபாரி 600 இலட்சத்தையும் போட்டிருந்தால் விகிதம் 7.5, நாட்கள் 49 என்று வரும். தாமதத்தின் பெரும்பகுதி கண்ணில் படாமல் போய்விடும்.

இரண்டாவது, பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரி 1 முதல் இது 18 வீதம். பதிவுசெய்த வியாபாரியின் வருமதியில் 118 ரூபா நின்றால், விற்பனைக் கணக்கில் இருப்பது 100 ரூபாதான். இரண்டிலும் வரியை நீக்கிவிட்டே வகுக்க வேண்டும்.

மூன்றாவது, பின்திகதியிட்ட காசோலை. காசோலை கைக்கு வந்ததும் கடன்பட்டவரின் பெயரை வெட்டிவிடுபவர்கள் உண்டு. வங்கியில் பணமாகும்வரை அதுவும் வருமதிதான். திரும்பிய காசோலைக்குப் பதிலாக இன்னொரு காசோலை வாங்கினால், முதல் விற்பனைத் திகதியிலிருந்தே நாட்களை எண்ண வேண்டும்.

நான்காவது, பருவகாலம். எமது நாட்டில் பலர் மார்ச் 31இல் கணக்கை முடிக்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டுக்காகக் கடைகள் கடனுக்குச் சரக்கு எடுத்திருக்கும் நேரம் அது. நோன்புப் பெருநாளோ 2023இல் ஏப்ரல் 22, 2024இல் ஏப்ரல் 10, 2025இல் மார்ச் 31 என்று வருடாவருடம் முன்னோக்கி வருகிறது. பெருநாள் கடன் மார்ச்சுக்கு முன்பே அறவிடப்படும் வருடங்களில், எவரும் முன்னரைவிட விரைவாகப் பணம் தராமலேயே விகிதம் உயர்ந்துவிடும். எனவே 12 மாத இறுதி நிலுவைகளின் சராசரியை எடுப்பதே நம்பகமானது.

எமக்கு ஏன் இது முக்கியம்?

2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது கடன் வழங்கல் வட்டி வீதத்தை 7.5இலிருந்து 14.5ஆக ஒரே நாளில் உயர்த்தியது. அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த மாதங்களில் இரண்டு மாதக் கடனுக்கு விற்றவர், வந்த பணத்தில் அதே சரக்கைத் திரும்ப வாங்க முடியாத நிலையைக் கண்டார். கணக்கில் இலாபம் இருந்தது; முதல் கரைந்தது.

பிந்திய நாட்களுக்கு வட்டி கேட்காத, வங்கியில் வட்டிக்குக் கடன் எடுத்து இடைவெளியை நிரப்பாத வியாபாரிக்கு இந்தச் சுமை இன்னும் கூடுதல். அவருக்குத் தாமதத்தை ஈடுசெய்ய எதுவுமில்லை. ஆகவே நாட்களை எண்ணிப் பார்க்கும் தேவை அவருக்கே அதிகம்.

அதேவேளை, விகிதம் மிக உயர்வாக இருப்பதும் எப்போதும் நன்மையல்ல. கடனை இறுக்கிப் பிடித்ததால் நல்ல வாடிக்கையாளர்கள் அடுத்த கடைக்குப் போயிருக்கலாம். மாதச் சம்பளத்தில் தீர்க்கும் கொப்பிக் கணக்கில் 12 என்பது இயல்பானது. அதைத் துணி மொத்த வியாபாரத்தோடு ஒப்பிடக் கூடாது. உங்கள் தொழிலில் உள்ளவர்களோடும், உங்களுடைய கடந்த வருடத்தோடும் ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, சராசரி பலரை ஒரே எண்ணுக்குள் மறைத்துவிடும். பத்துப் பேர் ஒழுங்காகத் தர, ஒருவர் மட்டும் ஆறு மாதம் இழுத்தடிக்கலாம். ஆகையால் விகிதம் இறங்கினால் 30 நாள், 60 நாள், 90 நாள், அதற்கு மேல் என்று பெயர்களைப் பிரித்து ஒரு பட்டியல் எழுதுங்கள். யாருக்கு அடுத்த சரக்கைக் கடனுக்குக் கொடுப்பது என்பதை அந்தப் பட்டியல் சொல்லும். ஸகாத் கணக்கிடும்போது ஆலிம்களிடம் கேட்கவும் வரக்கூடிய கடன் எது, ஐயக்கடன் எது என்ற இந்தப் பிரிப்பே தேவைப்படும்.

தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆன் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தில் பணிக்கிறது. அதற்குச் சற்று முன்னர், 280ஆம் வசனத்தில், கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. வசதியிருந்தும் இழுத்தடிப்பவர் யார், உண்மையில் இயலாதவர் யார் என்று தெரிந்தால்தான் முன்னவரிடம் உறுதியாகக் கேட்கவும் பின்னவருக்கு மனமுவந்து அவகாசம் கொடுக்கவும் முடியும். இந்த மாத இறுதியில் கடன் கொப்பியை எடுத்து, பெயர்களுக்கு எதிரே நாட்களை எழுதிப் பாருங்கள்.