சங்கீதம் படிப்பிக்கப் போகும் பிள்ளையும் வீட்டுத் தொலைபேசியும்

"சங்கீதம் படிச்சு என்ன செய்யப் போறாய்?" இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் ஒரு பிள்ளை பாட்டுப் படிக்க விரும்பினால் முதலில் எழும் கேள்வி இதுதான். கேள்வியில் பிழையில்லை. சொந்தக் காணி ஓரிடம், குடியிருப்பு வேறோரிடம் என்று இருக்கையில், குத்தகைக்கு எடுத்த நாலு பரப்பு வெங்காயத்தில் மிஞ்சும் காசை எந்தப் படிப்பில் போடுவது என்பது சிறிய விடயமல்ல.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்த ஒரு கமக்காரக் குடும்பத்தின் மகளை நாம் அண்மையில் சந்தித்தோம். ஊரை விட்டு வந்து பல ஆண்டுகளின் பின் பிறந்தவர். தகப்பனார் இன்றும் பிறர் காணியிலேயே தோட்டம் செய்கிறார். பிள்ளை கல்வியியற் கல்லூரியில் கர்நாடக சங்கீதம் பயின்று, இப்போது ஒரு கிராமப் பாடசாலையில் உள்ளகப் பயிற்சி பெறுகிறார். அவருடைய பெயரையும் படத்தையும் இங்கே போடவில்லை. அப்படிச் செய்ய வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். காரணம் போகப் போக விளங்கும்.

பாடசாலைச் சங்கீத ரீச்சரிடம் தொடங்கி, வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதி முன்னேறியவர் இவர். வீட்டில் தம்புரா இல்லை. கைத்தொலைபேசியில் உள்ள தம்புராச் செயலியைப் போட்டுவிட்டு, விடிய நாலரைக்குக் கிணற்றடியில் இருந்து சாதகம் செய்வாராம். பெரிய மேடைகளில் கச்சேரி செய்வது தன் எண்ணமல்ல என்கிறார். கச்சேரி என்றால் எங்கள் ஆட்களுக்கு நினைவு வருவது வரிசையில் நின்று பதிந்த அரச கச்சேரிதானே என்று நாம் பகிடியாகச் சொல்ல, அவரும் சிரித்தார். கஷ்டப் பிரதேசப் பாடசாலை ஒன்றில் நிரந்தர நியமனம் பெற வேண்டும். குரல் நல்லாயில்லை என்று ஒதுக்கப்படும் பிள்ளைகளுக்கும் பாட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பின்னர் வேலையில் இருந்துகொண்டே பட்டப்படிப்பும் முடிக்க வேண்டும். இவைதான் அவருடைய ஆசைகள். ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை எல்லாப் பிள்ளைகளும் ஏதாவதொரு அழகியற் பாடத்தைப் படித்தாக வேண்டும். ஆகவே எழுத்து வாசிப்பில் பின்தங்கிய பிள்ளையும் சங்கீத ரீச்சர் முன்னால் வந்து உட்காரும். கணித ஆசிரியருக்குத் தெரியாத ஒரு முகத்தை அவர் காண்பார்.

இவருக்கு இன்னொரு நாட்டமும் உண்டு. அதனை 'டிஜிற்றல் குடியுரிமை' என்கிறார்கள். பெயர்தான் பெரிது. சந்தையிலும் கூட்டத்திலும் மற்றவர்களை மதித்து, எமது உரிமையையும் விட்டுக்கொடாமல் நடக்கிறோமல்லவா? தொலைபேசியிலும் இணையத்திலும் அப்படியே நடக்கப் பழகுவது என்று கொள்ளலாம். பாட்டுப் படிப்பிக்கும் ஒருவருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்டோம்.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவர் உயர்தர மாணவி. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி. சிக்னல் பிடிக்க வேலியோரம் போக வேண்டும். அதைவிடப் பெரிய இடைஞ்சல் பாட்டிலேயே வந்தது. தொலைபேசி அழைப்பு பேச்சுக்கென்று அமைந்தது. ஓயாமல் ஒரே அளவில் வரும் ஒலியை விசிறிச் சத்தம், மோட்டார் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அழுத்திவிடும். தம்புராச் சுருதியோ ஓயாமல் ஒலிப்பது. ரீச்சர் அங்கே சுருதி போட, பிள்ளைக்கு இங்கே அது விட்டு விட்டுக் கேட்டது, சிலவேளை கேட்கவேயில்லை. குரல் வந்து சேரச் சிறு தாமதமும் ஏற்படுவதால் தாளம் போட்டுச் சேர்ந்து பாடவும் முடியவில்லை. கடைசியில் ரீச்சர் ஒவ்வொரு வரியாகப் பாடிப் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்ப, பிள்ளைகள் திருப்பிப் பாடிப் பதிந்து அனுப்பினார்கள். அந்த வழி சரிவந்தது.

ஆனால் அப்படி அனுப்பிய குரல்களில் ஒன்று வழிதவறிப் போயிற்று. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் குரல் உடையும் வயது. மேல் ஸ்தாயியில் குரல் கீச்சிட்டுவிட்டது. வகுப்புக் குழுவில் இருந்த யாரோ ஒரு பிள்ளை அதைச் சிரிப்புப் படங்களோடு இன்னொரு குழுவுக்கு அனுப்ப, அங்கிருந்து அடுத்த ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. "நாங்கள் அழிச்சுப்போட்டம்" என்று பிள்ளைகள் சொன்னார்கள். ஒரு தொலைபேசியில் அழித்தால் பிரதி எடுத்த நூறு தொலைபேசிகளில் அது அழியுமா? பையன் பாடுவதை விட்டான். பாடசாலை திறந்த பின்னும் வகுப்பில் வாய் திறக்க மறுத்தான்.

ஓடி வந்தபோது எமது கலியாண அல்பங்களும் உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் போயின. எமக்குத் தெரிந்த இழப்பு, இருந்தது இல்லாமற் போவது. அந்தப் பையனுக்கு நேர்ந்ததோ, இல்லாமற் போக வேண்டியது போகாமல் நின்ற இழப்பு. பிள்ளைகளுக்கு இதை நாம் சொல்லிக் கொடுத்ததில்லை. எமக்கே அது புதிது.

அமெரிக்கக் கல்வியாளர் மைக் ரிபிள் டிஜிற்றல் குடியுரிமையை ஒன்பது கூறுகளாக வகுத்திருக்கிறார். இப்பிள்ளை அவற்றைப் படித்திருக்கிறார். ஆயினும் ஒன்பது தலையங்கங்களைக் கரும்பலகையில் எழுதிப் பாடமாக்கச் சொல்வதால் பயனில்லை என்பது அவர் கருத்து. எமக்கும் அது சரியென்றே படுகிறது. அவர் அதைச் சங்கீத வகுப்புக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார். பாடத் தொடங்குமுன் இராகம், தாளம், இயற்றியவர் பெயர் சொல்வது பழைய வழக்கம். அந்த இடத்தில் நின்று பிள்ளைகளிடம் கேட்கிறார்: இந்தப் பாட்டு யாருடையது? தியாகராஜர் 1847 இல் மறைந்தவர். அவருடைய கீர்த்தனையை யாரும் பாடி யூரியூப்பில் போடலாம். ஆனால் அதே கீர்த்தனையை ஒரு பாடகர் பாடிய இசைத்தட்டை எடுத்துப் போடுவது வேறு. அந்தப் பதிவுக்கு உரிமைக்காரர் உண்டு. பாபநாசம் சிவன் மறைந்தது 1973 இல். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, இயற்றியவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். பிள்ளைகள் விரல் மடித்துக் கணக்குப் பார்க்கிறார்களாம்.

வகுப்பில் ஒருவர் பாடுவதைப் பதிவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்பது அவர் வைத்த ஒழுங்கு. "பதியட்டோ? ஆருக்கு அனுப்பலாம்?" வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்கக் கூடாது. அதிபரின் அனுமதியோடு அவர் எடுக்கும் பதிவுகளைத் தவணை முடிவில் பிள்ளைகளின் கண்முன்னாலேயே அழித்துவிடுகிறார்.

இந்த ஒழுங்கை அவர் தன் வீட்டிலும் காத்திருக்கிறார். அம்மம்மாவிடம் துலா மிதித்த காலத்துப் பாட்டுகளும் தாலாட்டுகளும் இருந்தன. ஊர் கலைந்தபின் சேர்ந்து பாட ஆளில்லாமல் அவை அம்மம்மாவோடு மட்டும் நின்றன. பேத்தி கேட்க, கிழவி மகிழ்ச்சியோடு பாடிப் பதிவித்தார். கனடாவில் உள்ள பிள்ளைகளுக்கு அனுப்பவும் சொன்னார். ஆனால் தம்பியார் செத்தபோது பாடிய ஒப்பாரியை மட்டும் பதிய விடவில்லை. "அது அவனுக்குப் பாடினது" என்றாராம். பேத்தி தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நாட்டார் வழக்குகளுக்கும் மேற்சொன்ன சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. எனினும் சட்டம் வருமுன்னரே அம்மம்மாவுக்கு எல்லை தெரிந்திருந்தது.

பெற்றோர் கூட்டத்தில் அவருக்குப் பத்து நிமிடம் தருகிறார்கள். நிவாரணம், வீட்டுத்திட்டம், உதவித்தொகை என்று வரும் குறுஞ்செய்திகளை நம்பி அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கி அனுப்பும் இரகசிய எண்ணையும் கொடுக்க வேண்டாம் என்கிறார். வங்கியோ பிரதேச செயலகமோ அந்த எண்ணைக் கேட்காது. காணி உறுதியைப் படமெடுத்து நம்பிக்கையான உறவினரிடம் ஒரு பிரதி வைத்திருப்பது நல்லது; அதையே பேஸ்புக்கில் போடுவது கூடாது. பிள்ளைகளின் படத்தையோ குரலையோ வைத்து யாராவது துன்புறுத்தினால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

குடியுரிமை என்றால் பயந்து நடப்பது மட்டுமல்ல என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தங்கள் காணி பற்றி எழுத்தில் கேட்டறியவும் எமக்கு உரிமையுண்டு. அதற்குரிய விண்ணப்பத்தைத் தொலைபேசியிலேயே தேடி எடுத்துத் தகப்பனாருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறார்.

நியமனம் எங்கே கிடைக்கும் என்று அவருக்கு இன்னும் தெரியாது. தூரத்தில் கிடைத்தால் வாடகையும் போக்குவரத்தும் சம்பளத்தில் பெரும்பங்கைத் தின்னும் என்ற கவலை வீட்டில் உண்டு. அந்தக் கவலை பொய்யல்ல.

உங்கள் வீட்டிலும் பாடும் பிள்ளை இருந்தால்: சங்கீதம் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் ஒரு பாடம். கல்வியியற் கல்லூரி விண்ணப்பம் பற்றிய அறிவித்தல் வர்த்தமானியில் வரும். பாடசாலை அதிபரிடமோ கோட்டக் கல்வி அலுவலகத்திலோ விசாரிக்கலாம். பட்டப்படிப்புக்கு யாழ். பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் இடமுண்டு. அவற்றுக்கு உயர்தரப் பெறுபேற்றோடு பாடிக்காட்டும் பரீட்சையும் இருக்கும். சுருதிப் பெட்டி வாங்க வசதியில்லை என்று பிள்ளையை நிறுத்த வேண்டாம். தம்புராச் செயலிகள் காசில்லாமலே கிடைக்கின்றன. தரவிறக்கும்போது உங்கள் படங்களையும் தொடர்பு எண்களையும் பார்க்க அனுமதி கேட்டால், இல்லை என்று அழுத்துங்கள். சுருதி போட அவை தேவையில்லை.