வெயிலும் டயர் காற்றும்

சென்ற கோடையில் என் அக்காள் மகன் சென்னையிலிருந்து ஜெயங்கொண்டத்துக்கு வந்திருந்தான். வந்தது தரையோடு தரையாகத் தவழும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரில். இரண்டாம் கையாக வாங்கியது. விக்கிரவாண்டி, சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி என்று நடுப்பகல் வெயிலில் ஓட்டிவந்தவன், ஊருக்குள் நுழையும் முன் ஒரு பெட்ரோல் பங்கில் டயர் காற்றைச் சோதித்திருக்கிறான். முன்சக்கரங்களில் 37 காட்டியது. காரின் கதவோரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்ததோ 32. ‘வெயில் காலத்தில் இவ்வளவு காற்று இருந்தால் டயர் வெடித்துவிடும்’ என்று அங்கிருந்தவர் சொல்ல, 32 வரும்வரை காற்றைத் திறந்துவிட்டு நிம்மதியாக வீடு வந்து சேர்ந்தான்.

மறுநாள் விடியற்காலை கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்குப் புறப்படும்போது, என்னிடமிருந்த சிறிய காற்றுமானியை வைத்துப் பார்த்தேன். 27. ‘பஞ்சராக இருக்குமோ மாமா?’ என்றான். பஞ்சர் இல்லை. நான்கு டயர்களிலும் அதே கதை. காற்று எங்கும் கசியவில்லை. முந்தைய நாள் நாமே திறந்துவிட்டதுதான்.

இது பள்ளிப் பாடத்தில் படித்த கணக்கு. அடைபட்ட காற்றின் அழுத்தம் அதன் வெப்பத்தோடு சேர்ந்து ஏறும், இறங்கும். காற்றுமானி காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேற்பட்ட பகுதியை மட்டும். ஆகவே கணக்கிடும்போது வளிமண்டலத்தின் 14.7-ஐயும் கூட்டிக்கொள்ள வேண்டும். விடியற்காலை 27 டிகிரி செல்சியஸில் 32 பி.எஸ்.ஐ. இருக்கும் டயர், நெடுஞ்சாலையில் ஓடி உட்காற்று 62 டிகிரியைத் தொடும்போது 37-ஐத் தாண்டும். அது கோளாறன்று, டயரை வடிவமைத்தவர் எதிர்பார்த்த ஏற்றம்தான். சூடாக இருக்கும்போதே அதை 32-க்கு இறக்கினால், குளிர்ந்தபின் 27-இல் வந்து நிற்கும். வாகன நிறுவனங்கள் தரும் அளவு குளிர்ந்த டயருக்கு உரியது. அதாவது மூன்று மணி நேரமாவது நின்ற வண்டிக்கு, அல்லது ஓரிரு கிலோமீட்டர் மட்டுமே மெதுவாக ஓடிய வண்டிக்கு. இந்த ஒரு குறிப்பைத்தான் நம்மில் பலர் படிப்பதில்லை.

வெயிலுக்குக் காற்றைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் நம் பகுதியில் வேரோடியிருக்கிறது. பலூன் வெடிப்பதைப் பார்த்துப் பழகிய மனத்தின் முடிவு அது. டயர் பலூன் அன்று. நல்ல நிலையிலுள்ள டயர் நான்கைந்து பி.எஸ்.ஐ. ஏற்றத்தால் வெடிப்பதில்லை. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடிந்து நிமிர்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடாவதைப்போல ரப்பரும் உள்ளே சூடேறுகிறது. வேகம் கூடக்கூட அந்தச் சூடும் கூடும். கடைசியில் உள்ளிருக்கும் எஃகு இழையடுக்குகள் பிரிந்து, டயரின் மேற்பட்டை உரிந்துபோகும். ஆக, வெடிக்கக்கூடாது என்று நாம் செய்யும் காரியமே வெடிப்புக்கு வழிகோலுகிறது.

உலகம் இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. ஃபோர்டு நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வாகனங்களில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை உரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. அமெரிக்காவில் மட்டும் 270-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரின் தயாரிப்பில் குறை இருந்தது. ஆனால் ஃபோர்டு பரிந்துரைத்த 26 பி.எஸ்.ஐ. என்ற குறைந்த அளவும் பெரும் சர்ச்சைக்குள்ளானது. அதன் பிறகுதான் அங்கே டயர் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி கட்டாயமானது. ஆயினும் அந்தக் கருவியை முழுதாக நம்பிவிட முடியாது. அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவிலிருந்து 25 விழுக்காடு குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். 32 வேண்டிய டயர் 24-க்கு இறங்கும்வரை அது வாய் திறவாமலிருக்கலாம். என் மருமகனின் காரிலும் 27-இல் விளக்கு எரியவில்லை.

அவனிடம் இன்னொரு வாதமும் இருந்தது. ‘பந்தயக்காரர்கள் காற்றைக் குறைத்துத்தானே ஓட்டுகிறார்கள்?’ 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றதிலிருந்து, நம் இளைஞர்கள் பலர் பந்தயக் கலைச்சொற்களில் வல்லுநர்களாகிவிட்டனர்! அவன் சொன்னது பாதி உண்மை. பந்தயத் தடத்தில் சில சுற்றுகளிலேயே டயர் கடுமையாகச் சூடேறுவதால், சூடான நிலையில் சரியான அளவு வரும்படி தொடக்கத்தில் குறைத்து வைக்கிறார்கள். அங்கே டயரும் வேறு, அளந்துகொண்டே இருக்க ஆட்களும் உண்டு. அவர்களுமே இதில் தவறியிருக்கிறார்கள். 2013-இல் சில்வர்ஸ்டோனில் நடந்த பிரிட்டன் கிராண்ட் பிரியில் அடுத்தடுத்து டயர்கள் வெடித்தபோது, டயர் தந்த பிரெல்லி நிறுவனம் கூறிய காரணங்களுள் பரிந்துரைத்ததைவிடக் குறைவான அழுத்தமும் ஒன்று.

டயரை மதியாதவர் களத்தில் நிற்க முடியாது என்பதற்கு நமக்கு நெருக்கமான சான்றும் உண்டு. 2005 ஜூன் 19 அன்று இண்டியானாபோலிஸில், மிஷெலின் டயர்கள் சாய்தள வளைவைத் தாங்காது என்று தெரிந்ததும் 14 கார்கள் பந்தயத்திலிருந்து விலகின. எஞ்சிய ஆறு கார்களில் நான்காவதாக வந்தவர் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு இதில் கூடுதல் கவனம் ஏன் வேண்டும்? அதன் டயரின் பக்கச்சுவர் மிகக் குட்டையானது. காற்றுக் குறைந்தாலும் சப்பையாகத் தெரியாது. கண்ணால் பார்த்தோ காலால் உதைத்தோ அறிய முடியாது. அரியலூர் வட்டாரச் சாலைகளை எண்ணிப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓடி ஓடிக் குழிவிழுந்த இடங்கள், முன்னறிவிப்பில்லாத வேகத்தடைகள். குறைந்த காற்றோடு அவற்றில் இறங்கினால் டயர் நசுங்கி, ரிம் நேரடியாக அடிவாங்கும். அளவுக்கு மீறி அடைத்தாலும் ஆபத்துதான்: டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டுத் தேயும், மழையில் பிடிப்புக் குறையும்.

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் ஒரே அளவு வைப்பதும் இங்கே வழக்கம். பின்புறம் இன்ஜின் உள்ள போர்ஷே 911 போன்ற கார்களில் பின்சக்கரங்களுக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். அந்த வேறுபாட்டைக் கலைத்தால், வளைவில் வண்டியின் நடத்தையே மாறிவிடும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண் அந்த டயர் ஏற்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கு உரியதன்று. உரியது கதவோரச் சீட்டிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ இருக்கும். வெளிநாட்டுக் கார்களில் ‘பார்’ கணக்கில் 2.2 என்றிருந்தால், ஏறத்தாழ 32 பி.எஸ்.ஐ. என்று கொள்க. முழுச் சுமைக்கும் அதிவேகத்துக்கும் தனி அளவு தந்திருப்பார்கள். நைட்ரஜன் அடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பார்கள் சிலர். நாம் அடிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சூட்டில் அதுவும் விரியும்.

பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் டயர் ஆலை இயங்குகிறது. டயர் செய்யும் மண்ணில் டயருக்குக் காற்றடிக்கும் அறிவு இவ்வளவு குறைவாக இருப்பது எனக்கு வியப்புத்தான். பங்குகளில் பெட்ரோல் அளவைச் சோதிக்கும் அதிகாரிகள் காற்றுமானியையும் ஒரு பார்வை பார்க்கலாம். காற்றடிக்கும் ஊழியருக்கு, சூடான டயரிலிருந்து காற்றைத் திறந்துவிடாதே என்ற ஒரு வரியைச் சொல்லிக்கொடுக்க நிறுவனங்களுக்குச் செலவொன்றும் ஆகாது.

அன்று காலை தெருமுனைப் பஞ்சர் கடை திறந்ததும் நான்கு டயர்களுக்கும் சீட்டில் உள்ளபடி காற்றடித்தோம். கோயிலுக்குப் போய்த் திரும்பி, வெயில் ஏறிய பின் மருமகன் மீண்டும் அளந்து பார்த்தான். 36 காட்டியது. கை தன்னிச்சையாக வால்வை நோக்கிப் போனது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மூடியைத் திருகினான்.