டாரட் படகுகள் எங்கே போகுது?

போன எபிசோடுக்கு அப்புறம் அதிகமா வந்த கேள்வி இதுதான்: "சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ் வந்திருக்கு, வெளிநாடு போயிடுவேனா?" படகைப் பார்த்ததும் நம்ம மனசு நேரா பாஸ்போர்ட்டுக்குப் போயிடுது. கார்டுக்கு விசா ஆபீஸ் எல்லாம் தெரியாதுங்க.

பழைய மார்செய் கட்டில் இந்தக் கார்டு வெறும் ஆறு வாள்களும் பூ அலங்காரமும்தான். 1909-ல் லண்டனில் ஏ.ஈ. வெயிட் திட்டமிட்டு, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டில்தான் படகு வருது. சின்ன வயசுல ஜமைக்கா, ஓவியம் படிச்சது நியூயார்க், வேலை லண்டன். அந்தக் காலத்துல இதுக்கெல்லாம் கப்பல்தான் வழி. அவர் கார்டுகளில் இவ்வளவு கடல் இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

படத்தைப் பாருங்க. கோல் ஊன்றித் தள்ளும் படகோட்டி, முக்காடு போட்டுக் குனிஞ்ச பெண், பக்கத்தில் ஒரு குழந்தை. மூணு பேருமே நமக்கு முதுகைக் காட்டிட்டு இருக்காங்க. படகுக்கு ஒரு பக்கம் தண்ணி அலையடிக்குது, மறுபக்கம் அமைதியா கிடக்கு. கஷ்டம் முடிஞ்சது, நல்ல காலம்னு இதோட நிறுத்திடுவாங்க. ஆனா அந்த வாள்கள்? கரையில விட்டுட்டு வரலை, படகுக்குள்ளேயே குத்தி நிக்குது. பிடுங்கினா ஓட்டை வழியா தண்ணி ஏறும்னு சில ரீடர்ஸ் சொல்லுவாங்க. எனக்குப் பிடிச்ச விளக்கம் அது.

டிவோர்ஸ் பேப்பரில் கையெழுத்துப் போடலாமான்னு தவிச்சுட்டிருந்த ஒரு அக்காவுக்கு இதே கார்டு வந்துச்சு. "இதுல படகோட்டி யாருப்பா?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, தன் தங்கச்சிக்கு போன் போட்டாங்க.

த்ரீ ஆஃப் வாண்ட்ஸ்ல மேட்டில் நிக்கிறவர் தூரத்துக் கப்பல்களைப் பார்க்கிறார். வெயிட் விளக்கப்படி அது அவரோட சரக்குக் கப்பல்கள்தான். இன்டர்வியூ முடிச்சுட்டு மெயிலுக்குக் காத்திருக்கிறவங்களுக்கு இந்த முதுகு நல்லாவே புரியும். டூ ஆஃப் பென்டகிள்ஸ்ல ஒருத்தர் ரெண்டு காசை மாத்தி மாத்திப் போட்டு வித்தை காட்ட, பின்னாடி கப்பல்கள் அலையில ஏறி இறங்குது. மாசக் கடைசின்னு வச்சுக்கோங்க.

கடைசியா டெத். வெள்ளைக் குதிரையில எலும்புக்கூட்டைப் பார்த்ததும் பதறிடுவோம், மத்ததெல்லாம் கண்ணுல படாது. அடுத்த முறை பின்னாடி ஓடுற ஆத்தைப் பாருங்க. அங்க ஒரு சின்னப் படகு, அது பாட்டுக்குப் போயிட்டிருக்கு.