டெண்டர் குழுவுக்கு ஏன் மதிப்பூதியம் வேண்டும்?

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. செலவு சுமார் 1,916 கோடி ரூபாய். அவ்வளவு பெரிய வேலையானாலும் சரி, அரசு மருத்துவமனைக்குக் கட்டில் வாங்குவதானாலும் சரி, வந்த டெண்டர்களைப் பிரித்துப் பார்த்து யாருக்குக் கொடுக்கலாம் என்று சொல்வது அரசு ஊழியர்களின் பொறுப்பு. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இதற்கெனக் கூர்ந்தாய்வுக் குழு அமைக்க வழி செய்திருக்கிறது. குழுவில் உட்காரும் பொறியாளருக்கும் கணக்கு அதிகாரிக்கும் அன்றாட வேலை இதனால் குறைவதில்லை. பம்பும் மோட்டாரும் செய்யும் கோவையில், டெண்டர்களை நிதானமாகப் படிப்பது சின்ன விஷயமல்ல. கணபதியிலோ பீளமேட்டிலோ சிறு பட்டறை நடத்துபவர் இணைத்த தரச்சான்றை அவசரத்தில் சரியாகப் படிக்காமல் தள்ளிவிட்டால், விலை உறையைப் பிரிக்கும் முன்பே அவர் வெளியே. அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்தான். அதற்குள் ஆர்டர் கைநழுவிப் போகக்கூடும்.

குழுவினருக்கு மதிப்பூதியம் வேண்டும் என்றால், சம்பளம் வாங்குகிறார்களே, இதுவும் கடமைதானே என்பார்கள். அப்படியானால் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்குத் தாள் கணக்கில் பணம் தருவது எதற்கு? வாக்குச்சாவடி அலுவலருக்கு மதிப்பூதியம் எதற்கு? எப்போதாவது வரும், உழைப்பு மிகுந்த வேலைக்குத் தனி ஊதியம் தரலாம் என்பதை அரசின் அடிப்படை விதிகளே ஏற்கின்றன. டெண்டர் குழுவில் போட்ட ஒரு கையெழுத்து பல ஆண்டு கழித்து ஆடிட் பாராவாகவும், ஒழுங்கு நடவடிக்கை விதி 17பி-யின் கீழ் குற்றச்சாட்டாகவும் திரும்பி வரலாம். ஓய்வுபெறும் நேரத்தில் அது வந்தால் பணப்பயன்களே நிறுத்திவைக்கப்படலாம். ஆபத்து மட்டும் இருந்து பலன் எதுவும் இல்லாத இடத்துக்குத் திறமைசாலிகள் ஏன் விரும்பி வரவேண்டும்?

லஞ்சம் இதனால் ஒழியுமா? ஒழியாது. அப்படிச் சொல்வது ஏமாற்று வேலை. விலைபோகத் துணிந்தவரை ஒரு மதிப்பூதியம் தடுக்காது. நேர்மையானவர் நிதானமாகப் படிக்க நேரம் ஒதுக்குவதற்கான கூலிதான் இது. பிலிப்பைன்ஸ் 2003-இல் கொண்டுவந்த கொள்முதல் சட்டத்திலேயே இதற்கு இடம் தந்தது: குழு உறுப்பினருக்கு அடிப்படை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம் வரை. ஆனால் ஒப்பந்தம் ஒருவருக்கு வழங்கி முடிந்தால்தான் பணம் என்று அந்நாட்டு வரவுசெலவுத் துறை விதித்தது. அந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. யாருக்காவது கொடுத்தால்தான் காசு என்றால், தகுதியில்லாத டெண்டர்களை ரத்து செய்யச் சொல்லும் துணிவு யாருக்கு வரும்? கோவையில் கொண்டுவந்தால் அமர்வுக்கு இவ்வளவு என்று வைக்கவேண்டும். டெண்டர் ரத்தானாலும் கொடுக்கவேண்டும். இழுத்தடித்து அமர்வைக் கூட்டுவார்கள் என்ற பயத்துக்கு உச்சவரம்பு போதும். ஒவ்வொரு நிராகரிப்புக்கும் உறுப்பினர் காரணம் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே மதிப்பூதிய பில் பாஸாக வேண்டும். அந்தக் குறிப்பு கோப்பில் இருந்தால், தள்ளப்பட்ட பட்டறைக்காரருக்கு மேல்முறையீட்டில் எதை மறுத்துப் பேசவேண்டும் என்பதாவது தெரியும்.