பாலை அளக்கும் ஒளி

டெய்ரி ஃபார்ம் என்னும் பெயரைக் கேட்டவுடன் பாற்பண்ணைதான் நினைவுக்கு வரும். போர்ட் பிளேர் நகரில், 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜய புரம் என வழங்கும் அந்தமான் தலைநகரில், அப்பெயர் தாங்கிய பகுதியில் வாழும் தமிழன்பர்களுக்குப் பாலின் தரம் பற்றிய பேச்சு புதியதன்று. அத்தரத்தை ஒளியினால் அளக்கும் கருவியை எவ்வாறு பழக்குகின்றனர் என்பதை இன்று காண்போம்.

பாலுக்கு விலை அதன் கொழுப்பையும் இதரச் சத்தையும் பொறுத்தே அமைகின்றது. கொழுப்பை அளக்க, சுவிட்சர்லாந்து நாட்டவரான கெர்பர் வகுத்த முறை நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பாலுடன் கந்தக அமிலத்தைச் சேர்த்துக் குழாயில் இட்டுச் சுழற்றினால் கொழுப்பு தனியே பிரிந்து நிற்கும். முறை நம்பத்தக்கது, ஆனால் அமிலத்தைக் கையாள வேண்டும், நேரமும் செல்லும்.

ஆகவே பெரிய பாற்பண்ணைகளின் ஆய்வுக்கூடங்கள் அகச்சிவப்பு ஒளியை நாடின. இவ்வொளியைப் பாலினூடே செலுத்தினால், கொழுப்பு ஏறத்தாழ 5.7 மைக்ரான் அலைநீளத்திலும், புரதம் 6.5 மைக்ரானிலும், பாற்சர்க்கரை 9.6 மைக்ரானிலும் அதனை உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு ஒளி குறைந்ததோ அதைக்கொண்டு எவ்வளவு பொருள் உள்ளதென அறியலாம்.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. நீரும் இவ்வொளியை மிகுதியாக உறிஞ்சும். ஒரு பொருளின் சாயல் மற்றொன்றின் அலைநீளத்திலும் படியும். கருவிக்கு ஒளியின் குறைவு மட்டுமே தெரியும். கொழுப்பு என்றால் என்னவென்று தெரியாது. அதனைக் கற்பிக்க வேண்டும். பல மாடுகளின் பால் மாதிரிகளைக் கெர்பர் முறையில் அளந்து, அதே மாதிரிகளை ஒளியிலும் காட்டி, இரண்டையும் இணைக்கும் சமன்பாட்டைக் கணிக்கின்றனர். புள்ளியியலார் இதனைத் தொடர்புப் போக்கு என்பர்.

எந்த அலைநீளங்களைச் சமன்பாட்டில் சேர்ப்பது? 100 அலைநீளங்கள் இருப்பின், ஒவ்வொன்றையும் கொள்ளலாம் அல்லது தள்ளலாம். இவ்வாறு அமையும் தெரிவுகளின் தொகை 31 இலக்கங்கள் கொண்ட எண்ணாகும். அனைத்தையும் சோதித்தல் இயலாது. இதற்கு மரபணு வழிமுறை கைகொடுக்கின்றது. அமெரிக்க அறிஞர் ஜான் ஹாலந்து 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்தார். நல்ல காளையையும் நல்ல பசுவையும் தேர்ந்து இனம் பெருக்குவது போன்றதே இது. கணிப்பொறி சில தெரிவுகளைக் குருட்டுவாக்கில் அமைக்கும். பிழை குறைந்தவற்றை நிறுத்திக்கொள்ளும். இரண்டின் பகுதிகளைக் கலந்து புதியனவற்றைப் பிறப்பிக்கும். இடையிடையே சிறு மாறுதலையும் புகுத்தும். தலைமுறைகள் செல்லச் செல்லப் பிழை குறைந்து வரும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. வினாத்தாளை முன்னரே கண்ட மாணவன் முழு மதிப்பெண் பெறுவதில் வியப்பில்லை. அதுபோல, பழக்கிய மாதிரிகளிலேயே சோதித்தால் எச்சமன்பாடும் சிறந்ததாகத் தோன்றும். எனவே சில மாதிரிகளைக் கணிப்பொறிக்குக் காட்டாமல் ஒதுக்கி வைத்து, இறுதியில் அவற்றைக்கொண்டே தேர்வு நடத்த வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. பெருநிலப்பரப்பின் மாடுகளைக்கொண்டு பழக்கிய கருவி, தீவின் மாடுகளிடத்தும் தவறாது என்று கொள்ளலாகாது. மாட்டினம், தீவனம், பருவம் ஆகியவை மாறினால் பாலும் மாறும். வெப்பமும் ஈரமும் கருவியையே பாதிக்கும். ஆதலின் உள்ளூர்ப் பாலைக்கொண்டு கருவியை அவ்வப்போது திருத்துதல் இன்றியமையாதது.

இது ஆய்வாளரின் நுணுக்கம் மட்டுமன்று. கொழுப்பு 4.2 சதவீதம் உள்ள பாலை 4.0 எனக் கருவி காட்டினால், நாள்தோறும் பால் ஊற்றும் குடும்பம் இழப்படையும். மிகுத்துக் காட்டினால் வாங்குவோர் இழப்பர். திரையில் தோன்றும் எண் துல்லியமானதாகத் தெரிவதனாலேயே உண்மையாகிவிடாது. கருவியை இறுதியாகச் சரிபார்த்தது எப்போது, எந்தப் பாலைக்கொண்டு என்று கேட்பது பால் ஊற்றுவோர் ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வியாகும்.